சொன்னதை எழுதும் பொறி

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது நெடுங்கால வழக்கம். அலுவலகங்களில் சுருக்கெழுத்தர் வேகமாகக் குறித்துக்கொண்டு, பின்னர்த் தட்டச்சில் அடித்துத் தருவார். தேர்ந்த சுருக்கெழுத்தர் அடிக்கடி வரும் தொடர்களுக்கென்று தனிக்குறிகள் வைத்திருப்பார். ஒரு முழுத் தொடரை ஒரே கீற்றில் முடித்துவிடுவார். இன்று அவர் இருந்த இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. அதற்கும் நம் சொந்தக் குறிகளைக் கற்பிக்க இயலும். "முகவரி இடுக" என்று நாம் சொன்னால், வீட்டு எண் முதல் அஞ்சல் எண் வரை அனைத்தையும் அது எழுதிவிடும்படி செய்யலாம். இவ்வாறு நாமே வகுத்துக் கொடுப்பவற்றைக் குரற்கட்டளைகள் என்பர். இவை தோன்றிய வரலாற்றில், நம்மில் பலர் வாழும் ஐதராபாத் நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

பொறி பேச்சைக் கேட்பது எளிதன்று. எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம்; பேச்சிலோ ஒரு சொல் மற்றொன்றோடு ஒட்டியே வருகிறது. ஒரே சொல்லை ஒருவர் உரக்கவும் மற்றொருவர் மெல்லவும் கூறுவர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 'ஆட்ரி' என்னும் பொறியை அமைத்தனர். ஒருவர் நிறுத்தி நிறுத்திக் கூறும் எண்களை மட்டுமே அது அறிந்தது. பத்து எண்களைத் தாண்டி மனிதப் பேச்சு முழுவதற்கும் செல்வது எவ்வாறு என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ராஜ் ரெட்டி. அவர் 1937-இல், அந்நாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்தார். தம் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் மனிதர் அவரே. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவிலும் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே 1966-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவர் ஆராய்ந்த பொருள், கணிப்பொறி பேச்சை அறிவது எவ்வாறு என்பதேயாகும். 1968-இல் அவரும் அவருடைய தோழர்களும், வாய்மொழிக் கட்டளையைக் கேட்டு மேசைமேல் உள்ள கட்டைகளை எடுக்கும் இயந்திரக் கையைச் செய்து காட்டினர்.

1969-இல் அவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே உருவான 'ஹியர்சே' என்னும் அமைப்பு சதுரங்கம் ஆடியது. ஆடுபவர் தம் நகர்த்தலை வாயால் சொல்வார்; பொறி அதைக் கேட்டுக்கொள்ளும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சதுரங்கத்தில் முதலில் ஆடுபவர் தம் முதல் ஆட்டத்தில் செய்யக்கூடிய நகர்த்தல்கள் இருபதே. காதில் விழுந்தது தெளிவாக இல்லாவிடினும், அந்த இருபதில் எது என்று மட்டும் தேர்ந்தால் போதும். பலகையில் எது நடக்கக்கூடும் என்னும் அறிவு செவியின் குறையை நிரப்பியது. 1976-இல் அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்தது. அதுவும் வரையறுத்த வாக்கிய வடிவங்களுக்குள்ளேயே இயங்கியது. இப்பணிகளுக்காக ராஜ் ரெட்டிக்கு 1994-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு, எட்வர்ட் ஃபைகன்பாம் என்பாருடன் சேர்த்து வழங்கப்பெற்றது. ஆசியாவில் பிறந்த ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜேம்ஸ் பேக்கரும் அவர் மனைவி ஜேனட் பேக்கரும் 1982-இல் டிராகன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1990-இல் வெளிவந்த அவர்களுடைய மென்பொருளுக்குச் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. 1997-இல் வந்தது இயல்பாகத் தொடர்ந்து பேசினாலும் எழுதியது. ஓயாத தட்டச்சால் கைவலி கண்டோரும், கையால் எழுத இயலாதோரும் அதை விரும்பி ஏற்றனர். பயன்படுத்துவோர் தம் தேவைக்கேற்பத் தாமே கட்டளைகளை வகுத்துக்கொள்ளும் வசதியும் இத்தகைய மென்பொருள்களில் இடம்பெற்றது.

சதுரங்கப் பலகை தந்த பாடம் இங்கேதான் நமக்குப் பயன்படுகிறது. கட்டளைப் பட்டியல் என்பது நாம் பொறிக்குக் கொடுக்கும் சிறு பலகையே. அதில் உள்ள சொற்கள் ஒன்றோடொன்று மயங்காதிருத்தல் வேண்டும். 'வலி', 'வழி', 'வளி' மூன்றும் நம் ஏட்டில் வேறு வேறு. விரைந்து பேசும் நாவில் அவை நெருங்கிவிடுகின்றன. ஆகவே ஒற்றைச் சொல்லைவிட இரண்டு மூன்று சொற்கள் கொண்ட தொடரே நன்று. நாம் இயல்பாக எழுதக்கூடிய தொடராகவும் அது இருத்தலாகாது. "வீட்டு முகவரி" என்பதைக் கட்டளையாக வைத்தால், கடிதத்தின் நடுவே அச்சொற்கள் வரும்போதெல்லாம் முகவரி முழுவதும் வந்து புகுந்துவிடும். "முகவரி இடுக" என்றால் அத்தொல்லை இல்லை. பத்துக் கட்டளைகளில் தொடங்கி, நாவுக்குப் பழகிய பின்னர்ப் பெருக்கிக்கொள்வதே முறை.

ஐதராபாத்தின் கச்சிபௌலியில் 1998-இல் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் ஆட்சிக்குழுவுக்கு ராஜ் ரெட்டி நெடுங்காலம் தலைமை தாங்கினார். பேச்சொலி ஆய்வில் புகழ்பெற்ற பேராசிரியர் யக்ஞநாராயணா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980 முதல் பணியாற்றியபின், 2006-இல் இங்கு வந்து சேர்ந்தார். சென்னையில் கற்ற ஒருவரும் சென்னையில் கற்பித்த ஒருவரும் இந்நகரின் பணிக்குத் துணை நின்றனர் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. தெலுங்கு மக்களின் பேச்சைப் பொதுமக்களிடமிருந்தே திரட்டித் தொகுக்கும் பணியும் இக்கழகத்தில் நடைபெற்றது. 2017-இல் கூகுள் நிறுவனம் கைபேசியில் பேசி எழுதும் வசதியைத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குச் சேர்த்தது.

ஆங்கிலேயர் படையோடு செகந்தராபாத் பாளையத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பின்னும் தொழிலுக்காக வந்தோர் எண்ணற்றோர். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவர், எழுதத் தயங்குவர். பள்ளியில் அவர்கள் கற்ற எழுத்து வேறு. அத்தகைய பிள்ளை ஊரிலுள்ள பாட்டிக்குத் தன் வாயாலேயே தமிழில் கடிதம் எழுத இன்று இயலும். ஆயினும் பொறி தனக்கு ஊட்டப்பட்ட தமிழையே அறியும். தெலுங்கின் ஓசை கலந்த நம் தமிழும், நம் வீட்டுப் பெயர்களும், நாம் வாழும் தெருக்களின் பெயர்களும் அதற்குப் புதியவை. தெலுங்கு மக்கள் தம் குரலை ஆய்வுக்குக் கொடுத்ததுபோல, நாமும் நம் குரலைக் கொடாவிடின், நம் பேச்சு அதற்குப் பிழையாகவே தோன்றும். பிள்ளை அப்பிழையைக் கண்டு சலித்து ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

இதற்கு நம் வீட்டிலேயே தொடக்கம் செய்யலாம். பேசி எழுதும் வசதியைத் தமிழுக்கு அமைத்து, உறவினர் பெயர்களைச் சொற்பட்டியலில் சேர்த்து, பிள்ளைகளோடு அமர்ந்து முதற் கட்டளைகளை வகுப்போம். "பாட்டி முகவரி இடுக" என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும்.