மீரியபெத்தை: ஏட்டில் இல்லாத ஊர்
பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியிலே, தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ளது கொஸ்லந்தை. அதன் மேற்சரிவில் அமைந்திருந்தது மீரியபெத்தைத் தோட்டம்.

1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், ஊவா மலைகளைத் தேயிலை மூடிற்று. தென்னிந்தியாவினின்று கொணரப்பட்டோர் லயன்களிற் குடியமர்த்தப்பட்டனர். கோயிலும், உறவும், பல தலைமுறைகளும் கண்ட அக்குடியிருப்பை நாம் ஊர் என்றே கூறல் வேண்டும். ஆயின் ஏடுகளில் அது ஒரு தோட்டப்பிரிவு மாத்திரமே. குடியிருந்தோர்க்குச் சுவரும் சொந்தமன்று, நிலமும் சொந்தமன்று.

இச்சரிவு அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. பெயர்ந்து செல்க என்பது எளிது. செல்வதற்குக் காணி எங்கே? தோட்டத்தை விட்டு நீங்கின் தொழிலும் கூரையும் ஒருங்கே நீங்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை.

மாண்டோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டது. பின்னர் பன்மடங்கு குறைந்தது. கொழுந்து பறிப்போரை நாள்தோறும் செக்ரோல் எண்ணிற்று. கிழவரையும் குழந்தைகளையும் எண்ணிய ஏடு யாது?

2016இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.