சேர்வர் இல்லாத கணினியும் ஒரு தேத்தண்ணிக் கடையும்



போன மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவுக்கு இணையத்தில் ஒரு பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். பொறுப்பாக இருந்த மாமி, "இதுக்குச் சேர்வர் வாங்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். "சேர்வரே வேண்டாம் மாமி, இது சேர்வர்லெஸ்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அப்ப பிள்ளையளின்ரை பேர், விலாசம் எல்லாம் எங்கை போய் இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். சேர்வர் என்பது எந்நேரமும் விழித்திருந்து, கேட்பவர்களுக்குப் பதில் தரும் கணினி. சேர்வர்லெஸ் என்றால் அந்தக் கணினி இல்லை என்று அர்த்தம் இல்லை. அதை வாங்குவது, பராமரிப்பது, கூட்டம் வந்தால் இன்னும் சில கணினிகளைச் சேர்ப்பது எல்லாம் வேறொருவரின் வேலை. நாங்கள் எழுதிய நிரல் மட்டும் அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் படிவத்தை அனுப்பினால் எழும்பி வேலையைச் செய்துவிட்டு நின்றுவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும்தான் காசு. 2014 நவம்பரில் அமேசான் 'லாம்டா' என்ற சேவையை அறிவித்தபோது அந்த நேரத்தை 100 மில்லி செக்கன்களாக எண்ணினார்கள். 2020 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு மில்லி செக்கனாக எண்ணுகிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பதற்கும் மினிகாப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இது புத்தம் புது யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அடுத்தவர் கணினியில் வேலை செய்விப்பது எங்கள் லண்டனிலேயே எழுபது வருடப் பழைய கதை. அதைத் தொடங்கியவர்கள் தேத்தண்ணியும் கேக்கும் விற்றவர்கள்!

ஜே. லயன்ஸ் என்ற நிறுவனத்துக்கு அப்போது நாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகள் இருந்தன. கணக்கு வேலைக்கு மட்டும் எழுத்தர்கள் பெரும் கூட்டம். 1947இல் அவர்களின் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா போய், கணினி என்றொரு புது இயந்திரம் உருவாகிறது என்று அறிந்து வந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எட்சாக் என்ற கணினியைக் கட்டிக்கொண்டிருந்தது. லயன்ஸ் அதற்குப் பணம் கொடுத்து உதவியது. பிறகு அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கட்டியது. அதன் பெயர் லியோ. ஹாமர்ஸ்மித்தில் காட்பி ஹோல் என்ற லயன்ஸ் வளாகத்தில் அது இருந்தது. சுமார் 6,000 வால்வுகள், பாதரசம் நிரப்பிய குழாய்களில் நினைவகம். 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. அலுவலக வேலையை வழமையாகச் செய்த உலகின் முதல் கணினி அதுதான்.

சம்பளக் கணக்கு என்றதும் லயன்ஸ் பயந்தது. பிழைத்தால் ஆட்களின் வீட்டுச் சாப்பாடு அல்லவா போகும்? அதனால் எழுத்தர்களும் இயந்திரமும் கொஞ்சக் காலம் ஒரே கணக்கைச் சேர்ந்து போட்டார்கள். நம்பிக்கை வந்த பிறகு, 1954 தொடக்கத்தில் வேலையை லியோவிடம் விட்டார்கள். தேர்ந்த எழுத்தருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒருவரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது.

அடுத்ததாக மற்ற நிறுவனங்களும் வந்தன. டாகென்ஹாமில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளத்தையும் லியோ கணக்கிட்டது. எங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு பக்கம் டாகென்ஹாம், மறு பக்கம் ஹாமர்ஸ்மித், மூன்றும் ஒரே டிஸ்ட்ரிக்ட் லைனில்! கணினி இல்லாத ஃபோர்ட் தன் விவரங்களை அனுப்பி, முடிந்த கணக்கைத் திரும்பப் பெற்றது. ஆனால் தங்கள் விவரங்கள் ஹாமர்ஸ்மித்தில் இருக்கின்றன என்று ஃபோர்டுக்குத் தெரியும். போய்க் கதவைத் தட்டவும் முடியும்.

பிறகு ஃபோர்ட் தனக்கென்றே ஒரு லியோவை வாங்கியது. இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. எப்போதாவது வரும் வேலைக்கு வாடகை இலாபம். ஓயாத பெரிய வேலைக்குச் சொந்தமாக வைத்திருப்பதே சில வேளை இலாபம்.

லியோவின் முடிவு கவலையானது. லயன்ஸால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. 1963இல் லியோ நிறுவனம் இங்கிலிஷ் எலெக்ட்ரிக்கின் கணினிப் பிரிவோடு இணைந்தது. 1968இல் அதுவும் ஐ.சி.எல். என்ற பெரிய நிறுவனத்துக்குள் போனது. இன்று இந்த நாட்டில் பெரும்பாலானோர் வாடகைக்கு எடுக்கும் கணினிகள் அமெரிக்க நிறுவனங்களுடையவை.

இதையெல்லாம் வாசித்த பிறகுதான் மாமியின் கேள்வி எவ்வளவு சரியானது என்று விளங்கியது. சேர்வர்லெஸ் நிரல் ஓடி முடிந்ததும் எதையும் நினைவில் வைக்காது. பெயர்களை வேறொரு சேமிப்பகத்தில்தான் போடும். அது எங்கே என்று தேடிப் பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக நின்ற அமெரிக்க இடத்தை நான் மாற்றாமலே விட்டிருக்கிறேன்! எங்கள் பிள்ளைகளின் விலாசங்கள் கடல் தாண்டிப் போயிருந்தன. அதே பட்டியலில் லண்டனும் இருந்தது. எல்லாவற்றையும் இங்கே மாற்றினேன். விழா முடிந்து ஒரு மாதத்தில் விவரங்கள் தானாக அழியும்படியும் செய்தேன்.

மாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இப்ப லண்டனிலைதானே?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

நீங்களும் ஒரு நாள் இப்படி ஏதாவது செய்வீர்கள். அப்போது இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள்: இது யாருடைய கணினி? அது எங்கே இருக்கிறது?