இறம்பொடைக்கு வந்த பலஸ்தீனம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் இறம்பொடை. அருவியையும் அனுமன் கோயிலையும் காண வரும் உல்லாசப் பயணிகளுக்கு அது அரை மணிநேரம் இறங்கி நின்று படமெடுத்துக்கொள்ளும் இடம். எனக்குப் பிறந்த மண். அங்குள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்து, கொழும்புக்குப் போய்ப் பத்திரிகைத் தொழிலில் புகுந்து, அங்கேயே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பின் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை ஒட்டி, ஊருக்குப் போய் வருவதுண்டு.

சென்ற முறை போயிருந்தபோது என் சித்தப்பா மகளின் வீட்டில் தங்கினேன். இரவு உணவு முடிந்ததும் அவளுடைய பேரன் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். இருபத்துநான்கு வயது, உயர்தரம் வரை படித்தவன்.

"தாத்தா, இஸ்ரேலுக்கு விவசாய வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீங்க பேப்பர்ல அந்த நாட்டைப் பத்தி நெறைய எழுதியிருக்கீங்கன்னு அப்பாயி சொல்லுச்சு. போகலாமா, சொல்லுங்க."

உண்மைதான். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற வகையில் இஸ்ரேல், பலஸ்தீனம் என்ற இரு சொற்களையும் நான் எழுதிய அளவுக்கு என் சொந்த ஊரின் பெயரை எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அன்றிரவு உறக்கமின்றிப் புரண்டபோது தோன்றியவற்றையே இங்கே எழுதுகின்றேன். பலஸ்தீனம் இறம்பொடைக்கு வருவது இது முதல் முறை அன்று.

முதலில் ஒரு பெயர். இறம்பொடைக்குக் கீழே புசல்லாவையில் ரொத்சைல்ட் என்றொரு தோட்டம் உண்டு. மொரிஸ், கேப்ரியல் என்ற வோர்ம்ஸ் சகோதரர் இருவர் கோப்பிக் காலத்தில் திறந்த தோட்டம் அது. அவர்களுடைய தாயார் ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தொழிலாக நிலைநாட்டியது 1867-இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1841-இல், மொரிஸ் வோர்ம்ஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடிகளை இங்கே நட்டுப் பார்த்தார். அதே ரொத்சைல்ட் குடும்பத்தின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த எட்மண்ட் பிரபு 1880-களிலிருந்து பலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்களுக்குப் பணம் வழங்கினார். 1917 நவம்பர் 2 ஆம் திகதி பல்போர் எழுதிய பிரசித்தி பெற்ற கடிதம் வால்டர் ரொத்சைல்ட் பிரபுவுக்கு முகவரியிடப்பட்டது. இதிலிருந்து ஏதேனும் உலகச் சதிக் கதை கட்ட விரும்புவோர் வேறு பக்கத்தைத் தேடிச் செல்லலாம். ஒரு பெரிய குடும்பத்தின் வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வேலை செய்தார்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. எனினும், அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்தே நான் பள்ளிக்கூடம் போனேன் என்பதை நினைக்கும்போது வியப்பாகத்தான் இருக்கின்றது.

1948 ஆம் ஆண்டோ தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று. அவ்வாண்டு மே 14 ஆம் திகதி இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக நடந்த போரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீனர் தம் வீடுகளை இழந்து அகதிகளாயினர். அதே ஆண்டு பெப்ரவரியில் சுதந்திரம் பெற்ற இலங்கை, 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி நவம்பர் 15-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் இதை எவர் காட்டுவது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்தே காணாமற் போயினர்.

இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அவர்கள் துப்பாக்கி முனையில் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள், அல்லது போருக்கு அஞ்சி ஓடினார்கள். எங்கள் தகப்பன்மார் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், மறுநாள் காலை வழக்கம்போல் பிரட்டுக்குப் போனார்கள், கொழுந்து பறித்தார்கள். நாடு மட்டும் அவர்களை விட்டுப் போய்விட்டது. இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்த யூதர்களில் பலரும் ஐரோப்பாவின் கொலைக்களங்களிலிருந்து தப்பி, எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் அலைந்தவர்களே என்பதையும் மறக்கலாகாது. நாடற்றவரின் துயரம் தீர்வதற்கென எழுந்த நாடு வேறொரு மக்கள் கூட்டத்தை நாடற்றவராக்கியது என்பதே அந்த வரலாற்றின் கசப்பு.

இதில் இலங்கை அரசின் நடத்தை விசித்திரமானது. 1968-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இஸ்ரேல் கைப்பற்றிய பகுதிகளில் மக்களின் மனித உரிமை நிலையை ஆராய மூன்று நாடுகள் கொண்ட விசேட குழுவொன்றை அமைத்தது. இலங்கை, சோமாலியா, யூகோஸ்லாவியா. தலைமை வகித்தவர் எங்கள் தூதுவர் ஷெர்லி அமரசிங்க. திறமையாளர், பின்னாளில் பொதுச்சபைக்கே தலைவரானவர். 1970-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அவ்வாண்டே இஸ்ரேலுடனான உறவை இடைநிறுத்தினார். பலஸ்தீனருக்காக இலங்கை எழுப்பிய குரல் நியாயமானது என்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகின்றேன். ஆனால் அதே அம்மையார்தான் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்து, 9,75,000 மனிதர்களை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தவர். நியூயோர்க்கில் எங்கள் தூதுவர் நாடற்றவர்களின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்நாளில், இறம்பொடையில் என் மாமன்மார் எந்தக் கப்பலில் எந்த மாதம் ஏற்றப்படுவார்கள் என்று தெரியாமல் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். இந்த முரண்பாட்டைப் பற்றி நான் அன்று ஒரு வரியும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டது இன்னும் ஒன்று உண்டு. அதுதான் அன்றிரவு என்னை அதிகம் வருத்தியது.

1967 ஜூன் போரில் சுயஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. கொழும்பிலிருந்து இலண்டன் போகும் தேயிலைக் கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதை நாங்கள் வர்த்தகப் பக்கத்தில் போட்டோம். 1973 ஒக்டோபர் 6 ஆம் திகதி எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கியபோது நான் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியன். டெலிபிரிண்டர் இரவும் பகலும் கக்கிய செய்திகளை மொழிபெயர்ப்பதே வேலை. சினாய், கோலான், கிஸ்ஸிங்கர் என்று நித்திரையிலும் பிதற்றுவேன். அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. மூன்று மாதத்துக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நல்ல தலைப்புகள் கிடைத்தன.

உணவு நெருக்கடி அந்தப் போரால் மட்டும் வந்ததன்று. உலகச் சந்தையில் தானிய விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. இலங்கையின் கையிருப்பில் அந்நியச் செலாவணி வறண்டிருந்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் போருக்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டன. எண்ணெய் விலையேற்றம் எரிகிற வீட்டில் காற்றாக வந்தது. கிராமத்துச் சிங்கள விவசாயிக்குச் சிறு வயலாவது இருந்தது, ஒரு பலாமரமாவது இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வாசலில் ஒரு கைப்பிடி மண்ணும் சொந்தமில்லை. கோதுமை மாவு ரொட்டியே அவர்கள் வாழ்க்கை. அந்த மாவு குறைந்தது. கடையில் விற்ற அரிசியோ எட்டாத விலைக்குப் போயிற்று. வேலை நாட்களும் வெட்டப்பட்டன.

1974-இல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். கம்பளை பஸ் நிலையத்தில் கையேந்தி நின்றவர்களில் எங்கள் தோட்டத்து முகங்கள் இருந்தன. ஒரு கிழவர் என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அம்மா கீரையும் காட்டுக் கிழங்கும் அவித்து வைத்திருந்தார். எனக்காக மட்டும் எங்கோ கடன் வாங்கிய ஒரு பிடி அரிசியில் கஞ்சி. எங்கள் லயத்தில் அந்த ஆண்டு இரண்டு குழந்தைகளும் மூன்று முதியவர்களும் இறந்தார்கள். "வயித்துப்போக்கு" என்று சொன்னார்கள். தோட்டப்புற மரண விகிதம் அவ்வாண்டில் கடுமையாக உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிவரங்களே பின்னர் காட்டின. அதற்கு முந்திய ஆண்டே பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி இந்த லயங்களைப் படமெடுத்துத் தேநீர் குடிப்போருக்குக் காட்டிவிட்டது. லயத்தில் பிறந்த நானோ விடுமுறை முடிந்து கொழும்பு திரும்பி, சினாயில் படைவிலக்க உடன்படிக்கையை மொழிபெயர்த்தேன். ஆசிரியர் பீடத்தில் எவரும் என்னைத் தடுக்கவில்லை. அங்கே போன எண்ணெயும் இங்கே போன மாவும் ஒரே செய்தியின் இரு முனைகள் என்று எழுத எனக்கே தோன்றவில்லை. இந்தியாவுக்குப் போக மறுத்துக்கொண்டிருந்த பலர் அந்தப் பசியில்தான் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். என் மாமன்மார் இருவரும் தலைமன்னார் வழியாகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

பிற்பாடு வந்த கதை வாசகர் பலருக்கும் தெரிந்தது, ஓட்டமாகச் சொல்கிறேன். 1975-இல் இலண்டனில் இளையதம்பி இரத்தினசபாபதி முதலானோர் தொடங்கிய ஈரோஸ், மலையக மக்களையும் சேர்த்தே ஈழத்தைச் சிந்தித்த இயக்கம். அதன் உறுப்பினர் லெபனானில் பலஸ்தீனரிடம் ஆயுதப் பயிற்சி பெற்றனர். 1984-இல் ஜே. ஆர். ஜயவர்தன, அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவொன்றுக்கு இடமளித்து அந்நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகர்களை வரவழைத்தார். 1990-இல் பிரேமதாச அதை மூடினார். 2000-இல், ஆனையிறவு வீழ்ந்த கையோடு, சந்திரிகாவின் அரசு முழு உறவை மீட்டது. இடையில் விக்டர் ஒஸ்ட்ரொவ்ஸ்கி என்ற முன்னாள் மொசாட் உளவாளி, அரச படையினரையும் புலிகளையும் இஸ்ரேல் ஒரே காலத்தில் பயிற்றுவித்தது என்று நூலெழுதிப் பரபரப்பூட்டினார். கொள்கை பேசிய எல்லோருமே அவரவர் போருக்குத் தேவையானதைக் கிடைத்த இடத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றவர் விவகாரமோ 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டது.

2023 ஒக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1200 பேர் கொல்லப்பட்டனர். அங்கே வேலைக்குப் போயிருந்த இலங்கையர் இருவரும், தோட்டங்களில் உழைத்த தாய்லாந்துத் தொழிலாளர் பலரும் அவர்களுள் அடங்குவர். தொடர்ந்து காசாவில் நடந்த போரில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர் மாண்டனர். அந்தத் தாக்குதலுக்கு முன்பு நாள்தோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் இஸ்ரேலுக்குள் கூலி வேலைக்குப் போய் வந்தார்கள். அவர்களுடைய அனுமதி நிறுத்தப்பட்டது. தாய்லாந்துக்காரரும் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். காய்கறியும் பழமும் வயலில் அழுகின. சில வாரங்களுக்குள் கொழும்பு 10,000 விவசாயத் தொழிலாளரை அனுப்பச் சம்மதித்தது. அந்தப் பட்டியலில் ஓர் இடத்துக்குத்தான் எங்கள் பையன் விண்ணப்பித்திருக்கின்றான்.

கணக்கு எளிது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இஸ்ரேலின் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை அந்தச் சம்பளத்தில் ஈட்ட இங்கே ஓராண்டுக்கு மேல் மலையேற வேண்டியிருந்தது. கொழும்பில் கூட்டம் போட்டு, போகாதே என்று பையன்களுக்குப் புத்தி சொல்வோரை நான் மதிக்கின்றேன். அவர்களில் எவரும் தோட்டத்து நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் அல்லர்.

காலையில் பையனிடம் நான் "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். உன் பாட்டன் ஐம்பது வயது வரை எந்த நாட்டுக்கும் உரியவனாக இருக்கவில்லை. நீ போகும் நாட்டில் நேற்று வரை வேலை பார்த்தவர்களில் பலருக்கும் சொந்தமென்று ஒரு நாடு இல்லை. குண்டு விழும் நேரத்தில் எங்கே ஒதுங்குவது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தை வாசித்து விளங்கிக் கையெழுத்திடு. இவ்வளவுதான்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "சண்ட முடிஞ்சு அவங்க திரும்பி வந்துட்டா, எங்கள அனுப்பிருவாங்களா தாத்தா?"

அடுப்படியிலிருந்து என் தங்கை வந்தாள். கையில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பழைய உறை. அவள் கணவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். "இதையும் அந்தப் பைல்ல வையி" என்றாள். இதெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை அப்பாயி, தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால் போதும் என்று பையன் சிரித்தான்.

"கேக்காட்டியும் வையி" என்று சொல்லி அவளே கோப்புக்குள் செருகினாள்.