பச்சை நரகம் - ஒரு பந்தயத் தடத்தின் கதை

தேர்வு முடிந்ததிலிருந்து நான் தினமும் ஜெர்மனியில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விசா எல்லாம் வேண்டியதில்லை, என் அறையில் இருக்கும் கணினியில்தான் :-)

விளையாட்டின் பெயர் கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ். 1998ல் பாபிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 1967ம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்களும் தடங்களும் இதில் உண்டு. மிகவும் கடினமானது என்பதால் அப்போது பெரிதாக விற்கவில்லை. ஆனால் ரசிகர்கள் இன்றும் விடாமல் ஓட்டுகிறார்கள். அதில் எல்லோரையும் அழவைக்கும் தடம் ஒன்று உண்டு. அதுதான் நூர்பர்க்ரிங். அதன் வரலாற்றைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

ஐஃபெல் மலைப்பகுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலத்தில், மக்களுக்கு வேலை கொடுக்கவும் சேர்த்தே இந்தத் தடம் 1925ல் கட்டத் தொடங்கப்பட்டது. 1927 ஜூனில் திறந்தார்கள். இதன் வடக்குச் சுற்று மட்டும் சுமார் 22.8 கிலோமீட்டர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம்.

மற்ற தடங்களில் 10, 15 வளைவுகளை மனப்பாடம் செய்தால் போதும். இங்கே அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. மேடு ஏறும்போது அடுத்த வளைவு இடமா வலமா என்று கண்ணுக்கே தெரியாது. பார்த்து ஓட்ட முடியாது, நினைவு வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தவிர, 1967 கார்களில் இறக்கைகளும் கிடையாது. அவை அடுத்த ஆண்டுதான் வந்தன. அதனால் வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் வால் பக்கம் சுழன்றுவிடும்.

என் சிறந்த நேரம் 11 நிமிடம். 1967ல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் முதலிடத்துக்குத் தகுதி பெற்ற நேரம் 8 நிமிடம் 4 வினாடி!

இங்கே நடந்த பந்தயங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 1957. மாசராட்டி ஓட்டிய ஃபாஞ்சியோவுக்கு அப்போது வயது 46. நடுவில் எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நின்றதில் ஃபெராரியின் ஹாத்தார்ன், காலின்ஸ் இருவருக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். பிறகு சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்து, கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் முந்தினார். அதுதான் அவரது கடைசி வெற்றி. அன்றே ஐந்தாவது உலகப் பட்டமும் உறுதியானது.

இரண்டாவது 1968. மழை, மூடுபனி. மணிக்கட்டில் அடிபட்டிருந்த ஜாக்கி ஸ்டூவர்ட் நான்கு நிமிடங்களுக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தத் தடத்துக்குப் 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

மூன்றாவது 1976. நிக்கி லவுடாதான் அப்போது உலகச் சாம்பியன். முந்தைய ஆண்டு இங்கே 7 நிமிடத்துக்குள் சுற்றி முடித்த முதல் ஆளும் அவர்தான். அவரே, இவ்வளவு நீளமான தடத்தில் விபத்து நடந்தால் உதவி வந்து சேரத் தாமதமாகும், இங்கே ஓட்ட வேண்டாம் என்றார். மற்ற ஓட்டுநர்கள் ஓட்டெடுப்பில் ஓட்டுவதென்று முடிவு செய்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று இரண்டாவது சுற்றில், பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால் அவருடைய ஃபெராரி மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. அவரை வெளியே இழுத்தது யார் தெரியுமா? மீட்புப் படை அல்ல, பின்னால் வந்த மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் என்ற நான்கு ஓட்டுநர்கள்தான். லவுடா பயந்தது அப்படியே நடந்தது. 42 நாள் கழித்து, ஆறாத காயங்களோடு மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். அந்த ஆண்டுப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹண்டிடம் போனது. வடக்குச் சுற்றில் அதன்பிறகு ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கவே இல்லை.

இந்தக் கதையைப் படித்தது போன வாரம்தான். அதற்கு முன்பே பெர்க்வெர்க் பக்கத்தில் நான் நாற்பது ஐம்பது முறையாவது மோதியிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்தினால் கார் புதிதாக வந்து நிற்கும். என் தைரியத்துக்குக் காரணம் அந்தப் பொத்தான்தான். சிமுலேட்டர் எனக்கு வளைவுகளைக் கற்றுக்கொடுத்தது, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்தத் தடத்தை அன்றைக்கு எல்லோரையும் விட வேகமாக ஓட்டியவர் ஏன் 'வேண்டாம்' என்றார் என்பதை வரலாறுதான் கற்றுக்கொடுத்தது. அவரைக் கோழை என்று நினைத்தவர்களும் அப்போது இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நேற்று பெர்க்வெர்க்கில் முதல் முறையாக மோதாமல் கடந்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான். 11 நிமிடத்துக்கும் மேலே ஆகிவிட்டது, பரவாயில்லை :-)

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்!