பாலாற்றங்கரைச் சாலையும் முகப்பு விளக்கும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழி, வேலூரைக் கடந்து ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களின் வழியாகவே செல்வதாகையால், மாட்டுவண்டிகள் சுமந்த தோல்களை லாரிகள் சுமக்கத் தொடங்கிய காலந்தொட்டு, எதிர்வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண்கூசித் தடுமாறுவது இவ்வட்டாரத்தாருக்குப் பிராண அபாயமாகவே இருந்து வந்திருக்கிறது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிகளுக்கு, விளக்குகளையும் சோதித்துத் தரும் தகுதிச் சான்றை விதித்தது. லாரிக்காரர் பேச்சில் அது 'எஃப்.சி.', சோதிக்கும் அதிகாரி 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. முகப்பு விளக்கின் கண்ணாடியில் கறுப்புச் சாயம் தீட்டிக் கூச்சத்தைத் தணிக்கும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. எளிய வழிதான், ஆயினும் எதிரே வருபவனிடம் காட்டிய தாட்சண்யம் அதில் இருந்தது.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளோ, 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசவைக்காதபடி ஒளிக்கற்றை கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டுமென்று வரையறுத்தன. ஹாலோஜன் இழைக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால் ஒளி இலக்கின்றிச் சிதறும் என்பதே இவ்விதியின் தாத்பரியத்தை விளக்கப் போதும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்தது.

எனினும், லாரி குறித்த காலந்தோறும் பரிசோதனைக்குச் செல்ல, சொந்தக் காரோ 15 ஆண்டுகள் வரை அதற்குச் செல்ல வேண்டியதில்லை. ஆகவே கார் வைத்திருக்கும் அன்பர்கள், அதிகாரிக்குக் காத்திராமல், அத்தகைய எல்.இ.டி. பல்புகளைத் தாமே கழற்றிவிட வேண்டும்.