மதம் என்றொரு கட்டம்

வம்சாவளி தேடுபவர்களுக்கு நெதர்லாந்து ஒரு சொர்க்கம். ‘வீ வாஸ் வீ’ தளத்தில் பெயரைத் தட்டினால் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் வந்து விழும். பிறப்புப் பதிவு 100 வருடம், திருமணம் 75, இறப்பு 50 கடந்ததும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தகவல்தளம் கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பதிவுகளின் ஒழுங்கைப் பார்த்ததும் முதலில் பொறாமைதான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

ஆம்ஸ்டர்டாம் யூதக் குடும்பம் ஒன்றைப் பின்னோக்கித் தேடுவதாக வைத்துக்கொள்வோம். 1811 வரை பாதை நேரானது. நெப்போலியன் ஆட்சி கொண்டுவந்த சிவில் பதிவுமுறை அது. அதிலும் திருமணப் பதிவோடு சேர்த்து வைத்த இணைப்புகள் இருக்கே, புதையல். மணமக்களின் பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று, இருவருமே இல்லையென்றால் தாத்தா பாட்டியின் இறப்புச் சான்று. ஒரு கல்யாணத்தில் மூன்று தலைமுறை சிக்கிவிடும்.

அதற்கு முன்னால் போனால் குடும்பப் பெயரே காணாமல் போகும். போர்ச்சுகீசிய வழி யூதர்களுக்குச் சிக்கல் குறைவு. ஆனால் அஷ்கெனாசி யூதர்களில் பலர் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டார்கள். ஆபிரகாமின் மகன் லெவி, ‘லெவி ஆபிரகாம்’. அவர் மகனுக்குத் தாத்தா பெயர், ஆக ‘ஆபிரகாம் லெவி’. அவன் மகன் மறுபடி ‘லெவி ஆபிரகாம்’. பேரன் என்ற சொல்லின் பொருள் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே தெருவில் நாலு லெவி ஆபிரகாம் இருந்தால் நம்மாள் யார்?

இங்கே கைகொடுப்பது 1811 ஆணைப்படி எழுதப்பட்ட பெயரேற்புப் பதிவேடுகள். பழைய பெயரும் புதிய குடும்பப் பெயரும் ஒரே பக்கத்தில். எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின். அதையும் தாண்டினால் நகரசபையில் பதிந்த திருமண அறிவிப்புகள். வயது, வசிப்பிடம், உடன் வந்த உறவினர். கீழே பலர் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். 1598 முதல் 1811 வரையிலான யூதத் திருமணங்களை தாவே வெர்டோனரும் ஹார்மென் ஸ்னெலும் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

இதே பாதையில் முன்னோக்கி வந்தால் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகைப் பதிவேடுகளிலேயே ‘மதம்’ என்றொரு கட்டம் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்ததில்லை. 1941 ஜனவரியில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அரசு யூதர்கள் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. உங்களுக்கு எத்தனை யூதத் தாத்தா பாட்டிகள் என்பதுதான் கேள்வி. அதாவது, வம்சாவளி. நாடு கடத்தப்பட்டவர்கள் சுமார் 1,07,000 பேர். திரும்பியவர்கள் சுமார் 5,000.

1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டேயஸும் தோழர்களும் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்தைத் தகர்த்துத் தீ வைத்தார்கள். அட்டைகளில் ஒரு சிறு பங்குதான் அழிந்தது. ஜூலை 1 அன்று அரோண்டேயஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பல குடும்பங்களின் கடைசிப் பதிவு, போர் முடிந்து சில வருடங்கள் கழித்து எழுதப்பட்ட இறப்புப் பதிவு. இடம்: சோபிபோர் அல்லது அவுஷ்விட்ஸ். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால், தேதி பெரும்பாலும் ரயில் புறப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டது.

தன் பாட்டியைத் தேடுகிற ஒருவருக்கு இன்று எஞ்சியிருப்பது இந்த அட்டைகள்தான். அன்றிரவு எல்லாமே எரிந்திருந்தால் அவருக்குத் தேட ஒன்றுமே கிடைத்திருக்காது. ஒருவேளை, தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது.