தற்போக்கு மின்னழுத்தமும் ராக எல்லையும்

மாடுலர் சின்தசைசரில் சுருதியும் ஒலியளவும் நடையும் மின்னழுத்தத்தால் ஆளப்படுகின்றன. யூரோராக் வகையில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அந்த மின்னழுத்தத்தைத் தற்செயலாக உண்டாக்கித் தருவது தற்போக்கு மாடுல். இத்தகைய மாடுல்களில் எது அதிகத் தற்போக்கு என்று ஒப்பிடுவது வழக்கம்; எது எவ்வளவு கட்டுக்குள் நிற்கும், எவ்வளவு நினைவில் வைக்கும் என்று கேட்பதே இசைக்குப் பயன் தரும். காவிரிப் படுகையின் ஆலாபனை இதற்குத் தக்க உரைகல். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையின் பெயரைத் தாங்கிய டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகஸ்வரத்தில் விரித்த தோடி முன்கூட்டி எழுதப்பட்டதன்று. ஆயினும் தோடியை விட்டு ஓர் இழையும் விலகாது.

டான் புக்லாவின் 266 மாடுல், தற்செயலைப் பங்கிடும் விதத்தில் சிறந்தது. இதன் படிநிலை வெளியீடுகளில் ஒன்று எல்லா நிலைகளுக்கும் சம வாய்ப்புத் தரும். மற்றொன்றில் நடு நிலைகளே அடிக்கடி வரும். ஆனால் வந்த வரிசை திரும்பி வராது.

நினைவைத் தருவது டாம் விட்வெல் 2012இல் வெளியிட்ட டியூரிங் மெஷின். 16 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய குமிழ் நடுவில் நின்றால் எல்லாம் தற்செயல். வலக்கோடியில் 16 அடி கொண்ட சுற்று அப்படியே உறையும். இடையில் நிறுத்தினால் எப்போதாவது ஒரு பிட் மாறி, பழகிய ஸ்வர வரிசை மெல்லத் திரியும். விலை குறைந்த இக்கருவியே சங்கதி போடும் முறைக்கு மிக அருகில் வருகிறது.

எமிலி ஜிலே வடிவமைத்த மார்பிள்ஸ் (2018) பங்கீட்டையும் நினைவையும் ஒருங்கே தருகிறது. ராகத்தின் பெயரையும் சூட்டிக்கொள்கிறது. மார்பிள்ஸில் உள்ள ஆறு ஸ்வர வரிசைகளில் பைரவ் தாட், ராக் ஸ்ரீ இரண்டும் அடங்கும். முன்னது நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். பின்னது இந்துஸ்தானி ஸ்ரீ. அதன் ஸ்வரங்கள் காமவர்த்தனியைச் சேர்ந்தவை. திருவையாற்றில் பஞ்சரத்தினத்தின் ஐந்தாவதாகப் பாடும் ஸ்ரீராகமோ கரகரப்பிரியாவின் ஜன்யம். இவ்விரு ஸ்ரீயிலும் ஏறும்போது காந்தாரமும் தைவதமும் வராது. மின்னழுத்தத்தை அருகிலுள்ள ஸ்வரத்தில் பொருத்தும் குவான்டைசருக்கு ஏற்றம் இறக்கம் தெரியாது. ஏறும்போதும் காந்தாரத்தைத் தொட்டுவிடும்.

கீபோர்டில் வாசித்துக் காட்டினால் எந்த ஸ்வரம் எத்தனை முறை வந்தது என்பதை மார்பிள்ஸ் கற்றுக்கொள்ளும். ஜீவ ஸ்வரத்துக்கு உரிய கனம் அப்படிக் கிடைத்துவிடும். பிரயோக ஒழுங்கு கிடைக்காது. தோடிக் காந்தாரத்தின் அசைவும் கிடைக்காது. வழுக்கிச் செல்லும் மின்னழுத்தத்தை மார்பிள்ஸ் தரும் என்றாலும், ஒரு ஸ்வரத்தைப் பற்றி நின்று அசையும் கமகம் வேறு.

ஸ்ரீராகத்தின் ஏற்ற இறக்கச் சிக்கலை வெளியிலிருந்துதான் தீர்க்க வேண்டும். முந்தைய மின்னழுத்தத்தை ஒரு சாம்பிள் அண்டு ஹோல்டில் நிறுத்தி, புதியதோடு கம்பேரேட்டரால் ஒப்பிடலாம். உயர்ந்திருந்தால் ஐந்து ஸ்வரம் மட்டுமே உள்ள குவான்டைசருக்கும், தாழ்ந்திருந்தால் இறங்குவரிசை கொண்ட மற்றொன்றுக்கும் ஸ்விட்ச் திருப்பிவிடும். இந்த அமைப்பில் தற்போக்கு மூலமாக 266 இருந்தாலும் மார்பிள்ஸ் இருந்தாலும் ஆரோகண அவரோகணம் பெரும்பாலும் பிழைபடாது. வேறுபாடு, ஒரு பிடி மீண்டும் வருமா என்பதில் மட்டுமே.